தேர்தலும் சமூக ஊடகமும்: சோதித்துப் பார்ப்பவர் யார்?

மளிகைக் கடையில் ஒரு கிலோ பருப்பு வாங்குகிறீர்கள். கடைக்காரர் தராசில் நிறுத்துக் கொடுக்கிறார். அது ஒரு கிலோதான் என்று எப்படி நம்புகிறீர்கள்? கடைக்காரர் நல்லவர் என்பது ஒரு காரணமாக இருக்கலாம். ஆனால் சட்டம் அந்த நம்பிக்கையோடு நின்றுவிடுவதில்லை. அரசாங்கத்தின் அதிகாரி எடைக்கற்களையும் தராசையும் சரிபார்த்து முத்திரை இடுகிறார். நிறுப்பவர் ஒருவர், சரிபார்ப்பவர் வேறொருவர். வியாபாரத்தில் வெகு காலமாக நிலைத்த முறை இது.

விஞ்ஞானத்திலும் இதே முறைதான். ஒருவர் சோதனை செய்து ஒரு முடிவைச் சொன்னால், வேறொருவர் அதே சோதனையைச் செய்து பார்க்க முடிய வேண்டும். முடியாவிட்டால் அதை விஞ்ஞான உண்மை என்று நாம் ஏற்பதில்லை.

இப்போது ஒரு கேள்வி. பேஸ்புக், யூடியூப், எக்ஸ், டிக்டாக் போன்ற சமூக ஊடகங்கள் கோடிக்கணக்கான மக்களுக்குச் செய்திகளைக் கொண்டு சேர்க்கின்றன. தேர்தல் காலத்தில் வாக்காளர்கள் எதைப் பார்க்கிறார்கள், எதைப் பார்ப்பதில்லை என்பதை இவை பெருமளவில் முடிவு செய்கின்றன. இவற்றால் தேர்தலின் போக்கு மாறுகிறதா? மாறுகிறது என்றால் எவ்வளவு? இதை அளந்து பார்ப்பவர் யார்? அளந்ததைச் சரிபார்ப்பவர் யார்?

வாருங்கள், ஆராய்வோம்.

ஆறு கோடிப் பேரிடம் ஒரு சோதனை

தாவரவியல் வகுப்பில் நீங்கள் செய்திருக்கும் சோதனை ஒன்றை நினைத்துக் கொள்ளுங்கள். இரண்டு தொட்டிகளில் ஒரே வகை விதை, ஒரே மண், ஒரே அளவு நீர். ஒன்றுக்கு மட்டும் உரம் இடுகிறோம். வளர்ச்சியில் வேறுபாடு தெரிந்தால் அது உரத்தின் விளைவு. உரம் இடாத தொட்டியை ஒப்பீட்டுத் தொட்டி என்கிறோம். அது இல்லாவிட்டால் சோதனையே இல்லை.

2010-ஆம் ஆண்டு நவம்பர் 2-ஆம் தேதி அமெரிக்காவில் நாடாளுமன்றத் தேர்தல் நடந்தது. அன்று பேஸ்புக் நிறுவனமும், சான் டியேகோவிலுள்ள கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஜேம்ஸ் ஃபவுலர் முதலிய ஆராய்ச்சியாளர்களும் சேர்ந்து இத்தகைய சோதனை ஒன்றை நடத்தினர். தொட்டிகளுக்குப் பதிலாக மனிதர்கள். அன்று பேஸ்புக்கைத் திறந்த 18 வயது நிரம்பிய அமெரிக்கர்கள் சுமார் 6 கோடியே 10 லட்சம் பேர். அவர்களைக் கணிப்பொறி குலுக்கல் முறையில் மூன்று பிரிவுகளாகப் பிரித்தது.

முதல் பிரிவினர் சுமார் 6 கோடிப் பேர். அவர்களுடைய திரையின் உச்சியில், "இன்று தேர்தல் நாள்" என்ற அறிவிப்பும், "நான் வாக்களித்தேன்" என்ற பொத்தானும், ஏற்கெனவே அந்தப் பொத்தானை அழுத்திய அவர்களுடைய நண்பர்கள் சிலரின் முகப்படங்களும் தோன்றின. இரண்டாம் பிரிவினர் சுமார் 6 லட்சம் பேர். அவர்களுக்கும் அதே அறிவிப்புதான். ஆனால் நண்பர்களின் முகங்கள் இல்லை. மூன்றாம் பிரிவினரும் சுமார் 6 லட்சம் பேர். அவர்களுக்கு எந்த அறிவிப்பும் இல்லை. இவர்களே ஒப்பீட்டுத் தொட்டி.

பொத்தானை அழுத்துவது வேறு, சாவடிக்குச் சென்று வாக்களிப்பது வேறு அல்லவா? ஆகவே ஆராய்ச்சியாளர்கள் வாக்காளர் பதிவேடுகளோடு ஒப்பிட்டனர். அமெரிக்காவில் ஒருவர் யாருக்கு வாக்களித்தார் என்பது இரகசியம். வாக்களித்தாரா இல்லையா என்பது பதிவேட்டில் இருக்கும்.

முடிவு என்ன தெரியுமா? முகங்கள் இல்லாத வெறும் அறிவிப்பைக் கண்டவர்களுக்கும், எதையுமே காணாதவர்களுக்கும் இடையே வாக்களிப்பதில் வேறுபாடு தெரியவில்லை. நண்பர்களின் முகங்களைக் கண்டவர்களோ 0.39 சதவீதம் கூடுதலாக வாக்களித்திருந்தனர். அதாவது ஆயிரத்துக்கு ஏறக்குறைய நான்கு பேர். அவர்களுடைய நெருங்கிய நண்பர்களிடத்திலும் இந்த விளைவு பரவியது. எல்லாம் சேர்த்து சுமார் 3,40,000 வாக்குகள் கூடுதலாகப் பதிவாயின என்று கணக்கிட்டனர். 2012-இல் 'நேச்சர்' என்ற புகழ்பெற்ற விஞ்ஞான இதழில் இந்த ஆய்வு வெளிவந்தது.

ஆயிரத்துக்கு நான்கு என்பது சிறிய எண்தான். ஆனால் 2000-ஆம் ஆண்டு அமெரிக்க ஜனாதிபதித் தேர்தலை முடிவு செய்தது புளோரிடா மாநிலம். அங்கே வெற்றி பெற்றவருக்கும் தோற்றவருக்கும் இடையே இருந்த வேறுபாடு வெறும் 537 வாக்குகள்!

2010-இல் அந்த அறிவிப்பு கட்சி பார்த்துக் காட்டப்படவில்லை. குலுக்கல் முறையிலேயே பிரிவுகள் அமைந்தன. ஆனால் எண்ணிப் பாருங்கள். ஒரு நிறுவனம் ஒரு கட்சியின் ஆதரவாளர்களுக்கு மட்டும் அத்தகைய அறிவிப்பைக் காட்டினால் என்ன ஆகும்? அப்படி நடந்தது என்று நாம் சொல்லவில்லை. நடந்தால் வெளியில் உள்ளவர்கள் அதைக் கண்டுபிடிக்க வழி உண்டா என்பதுதான் நம் கேள்வி.

சிறிய விளைவைக் காணப் பெரிய கூட்டம் வேண்டும்

"இதில் என்ன கஷ்டம்? சிலரிடம் கேட்டுப் பார்த்தால் தெரிந்துவிடாதா?" என்று நீங்கள் கேட்கலாம். கணிதம் இதற்கு விடை சொல்கிறது.

கூட்டத்தில் சிலரை மட்டும் தேர்ந்து கேட்கும்போது ஒரு பிழை தவறாமல் வரும். அதை ஏறத்தாழ மதிப்பிட எளிய வழி ஒன்று உண்டு. கேட்கப்பட்டவர்களின் எண்ணிக்கைக்கு வர்க்கமூலம் காணுங்கள். 1-ஐ அதனால் வகுங்கள். 1,000 பேரைக் கேட்டால் பிழை சுமார் 3 சதவீதம். 1,00,000 பேரைக் கேட்டால் சுமார் 0.3 சதவீதம். எண்ணிக்கை நூறு மடங்கு ஏறினால்தான் பிழை பத்தில் ஒரு பங்காகக் குறைகிறது.

நாம் தேடும் விளைவு 0.39 சதவீதம். ஆயிரம் பேரிடம் கேட்டால் அது பிழைக்குள் மறைந்து போகும். பல லட்சம் பேரை ஒரே நேரத்தில் கவனித்தால்தான் அது கண்ணுக்குத் தெரியும். அத்தனை பேரைக் கவனிக்கக்கூடிய கருவி பல்கலைக்கழகங்களிடம் இல்லை. சமூக ஊடக நிறுவனங்களிடம் இருக்கிறது. நுண்ணுயிரைக் காண நுண்ணோக்கி வேண்டும். அந்த நுண்ணோக்கி ஒரே ஒருவர் வீட்டில் பூட்டி வைக்கப்பட்டிருந்தால் எப்படியோ, அப்படித்தான் இதுவும்.

வரிசைப்படுத்துவது எது?

உங்கள் பள்ளியின் அறிவிப்புப் பலகையில் 20 தாள்களை ஒட்டத்தான் இடம் உண்டு. ஒட்டச் சொல்லி 500 தாள்கள் வருகின்றன. எந்த இருபதை ஒட்டுவது? தேர்ந்தெடுப்பவருக்கு எவ்வளவு அதிகாரம் இருக்கிறது பாருங்கள்!

சமூக ஊடகத்தில் இந்த வேலையை அல்காரிதம் என்னும் கணிப்பொறி வழிமுறை செய்கிறது. முன்பு எதைப் பார்த்தீர்கள், எதில் நின்று நேரம் செலவிட்டீர்கள், எதைப் பிறருக்கு அனுப்பினீர்கள் என்பவற்றையெல்லாம் கொண்டு, ஒவ்வொரு பதிவுக்கும் அது மதிப்பெண் போடுகிறது. மதிப்பெண் மிகுந்தது மேலே வருகிறது. ஒவ்வொருவருக்கும் பலகை வேறு. உங்கள் திரையில் தெரிவது உங்கள் பக்கத்து வீட்டுக்காரரின் திரையில் தெரியாது.

மதிப்பெண் போடும் விதியைச் சற்றே மாற்றினாலும் விளைவு பெரிதாகும். ஓர் உதாரணம் பார்ப்போம். பேஸ்புக்கில் ஒரு பதிவுக்கு 'லைக்' இடலாம்; கோபம், சிரிப்பு, வியப்பு முதலியவற்றைக் காட்டும் முகக்குறிகளையும் இடலாம். 2017-இலிருந்து சில காலம், ஒரு முகக்குறிக்கு ஒரு லைக்கைப் போல் ஐந்து மடங்கு மதிப்பு தரப்பட்டது. கோபக்குறி பெறும் பதிவுகளில் பொய்ச் செய்திகளும் வெறுப்புப் பேச்சும் மிகுதி என்பதை நிறுவனத்தின் ஆய்வாளர்களே பின்னர் கண்டறிந்தனர். 2020-இல் கோபக்குறியின் மதிப்பு பூஜ்யமாக்கப்பட்டது.

இவை உலகுக்கு எப்படித் தெரிந்தன? வெளி ஆராய்ச்சியாளர் எவரும் கண்டுபிடிக்கவில்லை. 2021-இல் அந்நிறுவனத்தின் முன்னாள் ஊழியர் பிரான்ஸிஸ் ஹாகன் உள் ஆவணங்களை வெளியிட்டபோதுதான் தெரிந்தது. கோடிக்கணக்கானோர் படிக்கும் செய்தியின் வரிசை மூன்றாண்டுகள் ஒரு விதியால் நடந்திருக்கிறது. ஓர் ஊழியர் துணிந்திராவிட்டால் அது நமக்குத் தெரியாமலே போயிருக்கும்.

திறந்த கதவுகளும் மூடிய கதவுகளும்

முன்பு சில கதவுகள் திறந்திருந்தன. அவை ஏன் மூடப்பட்டன என்பதையும் நியாயமாகப் பார்க்க வேண்டும்.

2018 மார்ச்சில் கேம்பிரிட்ஜ் அனலிடிகா என்ற நிறுவனத்தைப் பற்றிய செய்தி வெளிவந்தது. பேஸ்புக்கில் ஒரு வினா விளையாட்டின் மூலம், அதை ஆடியவர்களின் விவரங்களோடு அவர்களுடைய நண்பர்களின் விவரங்களும் திரட்டப்பட்டு, அரசியல் பிரசாரத்துக்கென்று அந்நிறுவனத்திடம் சேர்ந்திருந்தன. 8 கோடியே 70 லட்சம் பேர் வரை பாதிக்கப்பட்டிருக்கலாம் என்று பேஸ்புக்கே கூறியது. அந்த நண்பர்கள் யாரும் சம்மதம் தரவில்லை. இதன் பின் பேஸ்புக் வெளியாருக்குத் தரவு தரும் வழிகள் பலவற்றை அடைத்தது. மக்களின் அந்தரங்கத்தைக் காப்பது அவசியம். ஆனால் திருடனுக்காகப் போட்ட பூட்டு, தணிக்கைக்கு வந்தவரையும் சேர்த்தே வெளியில் நிறுத்தியது.

நியூயார்க் பல்கலைக்கழக ஆராய்ச்சியாளர்கள் வேறு வழி கண்டனர். தாமாக முன்வந்த தொண்டர்களின் கணிப்பொறியில் ஒரு சிறு நிரலைப் பொருத்தி, அவர்களுக்கு எந்த அரசியல் விளம்பரங்கள் காட்டப்படுகின்றன என்று சேகரித்தனர். 2021 ஆகஸ்டில் பேஸ்புக், அந்தரங்க விதிகளைக் காரணம் காட்டி, அவர்களுடைய கணக்குகளை முடக்கியது.

ட்விட்டர் 2021-இல் கல்வி ஆராய்ச்சியாளர்களுக்கு மாதம் ஒரு கோடிப் பதிவுகள் வரை இலவசமாகத் தந்தது. நிறுவனம் கைமாறிய பின், 2023-இல் இந்த வசதி நின்றது. பெருமளவில் தரவு வேண்டுமென்றால் மாதம் பல்லாயிரம் டாலர் கட்டணம்.

பேஸ்புக்கில் எந்தச் செய்தி எப்படிப் பரவுகிறது என்று பார்க்க உதவிய கிரவுட்டாங்கிள் என்ற கருவியை மெட்டா நிறுவனம் 2024 ஆகஸ்ட் 14-இல் மூடியது. அந்த ஆண்டு நவம்பர் 5-இல் அமெரிக்க ஜனாதிபதித் தேர்தல். மாற்றாக மெட்டா ஒரு தரவு நூலகத்தை அமைத்தது. ஆனால் விண்ணப்பித்து அனுமதி பெற்றவர்கள்தான் அதனுள் நுழையலாம்.

கொடுத்த தரவே குறையாக இருந்தால்?

நிறுவனமே மனமுவந்து தரவு கொடுத்தால் போதுமா? இரண்டு நிகழ்ச்சிகள் இதற்கு விடை தருகின்றன.

2020 பிப்ரவரியில் பேஸ்புக், மக்கள் பகிர்ந்த இணைப்புகளைப் பற்றிய பெரிய தரவுத் தொகுப்பு ஒன்றை ஆராய்ச்சியாளர்களுக்கு வழங்கியது. பலர் அதைக் கொண்டு ஆய்வு செய்தனர். 2021-இல் இத்தாலியின் உர்பினோ பல்கலைக்கழக ஆராய்ச்சியாளர் ஒருவர், நிறுவனம் பொதுமக்களுக்கு வெளியிட்ட அறிக்கையோடு அதை ஒப்பிட்டார். எண்கள் பொருந்தவில்லை! விசாரித்ததில், அரசியல் சார்பு தெளிவாகத் தெரியாத பயனாளர்கள் விடுபட்டிருந்தனர் என்பது தெரிந்தது. அமெரிக்கப் பயனாளர்களில் ஏறத்தாழப் பாதிப் பேர் தொகுப்பிலேயே இல்லை. நிறுவனம் பிழையை ஒப்புக்கொண்டு மன்னிப்புக் கேட்டது. ஒப்பிட இரண்டாவது தரவு இருந்ததால்தான் அது வெளிப்பட்டது.

இரண்டாவது நிகழ்ச்சி 2020 அமெரிக்கத் தேர்தலைப் பற்றியது. மெட்டாவும் 17 பல்கலைக்கழக அறிஞர்களும் இணைந்து பெரிய ஆய்வு ஒன்றை நடத்தினர். அறிஞர்கள் மெட்டாவிடம் ஊதியம் பெறவில்லை. சோதனைகளில் ஒன்றில், பேஸ்புக்கிலும் இன்ஸ்டாகிராமிலும் இருபதாயிரத்துக்கு மேற்பட்டவர்களை எடுத்துக்கொண்டு, அவர்களில் ஒரு பிரிவினருக்கு மூன்று மாதம் அல்காரிதத்தை நீக்கிவிட்டு, பதிவுகளைக் கால வரிசையில் மட்டும் காட்டினர். அவர்கள் அங்கே செலவிட்ட நேரம் வெகுவாகக் குறைந்தது. நம்பகமற்ற செய்திகள் அவர்கள் கண்ணில் படுவது கூடியது. ஆனால் அரசியல் கருத்துகளில் குறிப்பிடத்தக்க மாற்றம் இல்லை. 2023-இல் 'சயன்ஸ்' இதழில் இது வெளியானது.

இந்த ஆய்வை உடனிருந்து கவனிக்க மைக்கேல் வாக்னர் என்ற பேராசிரியர் தனியே நியமிக்கப்பட்டிருந்தார். ஆய்வு நேர்மையாக நடந்தது என்று அவர் எழுதினார். கூடவே, இது நிறுவனத்தின் அனுமதிக்கு உட்பட்ட சுதந்திரம் என்றும், எதிர்கால ஆய்வுகளுக்கு இது முன்மாதிரி ஆகாது என்றும் எழுதினார். மூலத் தரவைக் கையாண்டவர்கள் நிறுவனத்தாரே. எதைக் கேட்கலாம் என்பதே தெரியாதபோது சரியான கேள்வியைக் கேட்பது எப்படி?

2024-இல் வேறொரு குழுவினர் ஒன்றைச் சுட்டிக்காட்டினர். சோதனை நடந்த மாதங்களில், தேர்தலையொட்டி, பேஸ்புக் தன் அல்காரிதத்தில் அவசர மாற்றங்கள் செய்திருந்தது. அதனால் நம்பகமற்ற செய்திகள் குறைந்திருந்தன. அப்படியானால் ஒப்பீட்டுத் தொட்டியில் இருந்தது வழக்கமான மண் அன்று! ஆகவே சாதாரண நாட்களுக்கு இந்த முடிவு பொருந்துமா என்ற கேள்வி எழுந்தது. இப்படி ஒருவர் முடிவை மற்றவர் திருத்திச் செல்வதே விஞ்ஞானம். அதற்குத் தரவு பலர் கையிலும் இருக்க வேண்டும்.

ஒரு நாட்டின் தேர்தலே ரத்தானபோது

2024 நவம்பர் 24-இல் ருமேனியாவில் ஜனாதிபதித் தேர்தலின் முதல் சுற்று நடந்தது. கருத்துக் கணிப்புகளில் பின்தங்கியிருந்த ஒருவர் முதலிடம் பெற்றார். டிக்டாக்கில் அவருக்குச் செயற்கையாகப் பிரபலம் தேடித் தரப்பட்டது என்று நாட்டின் உளவுத்துறை ஆவணங்கள் கூறின. டிசம்பர் 6-இல் அரசியல் சட்ட நீதிமன்றம் தேர்தலையே ரத்து செய்தது.

இந்தத் தீர்ப்பு ஜனநாயகத்தைக் காத்தது என்பார் சிலர். மக்களின் வாக்கைப் பறித்தது என்பார் சிலர். இரு தரப்பாரும் ஒப்புக்கொள்ள வேண்டியது ஒன்று உண்டு. அந்தக் காணொளிகள் எத்தனை பேருக்கு, எந்தக் காரணத்தால் காட்டப்பட்டன, அவை எத்தனை வாக்குகளை மாற்றின என்பதைச் சுதந்திரமான விஞ்ஞானிகள் அளந்து சொல்ல அப்போது வழியில்லை. அளவு தெரியாமலே முடிவு எடுக்க வேண்டியதாயிற்று.

சட்டம் திறந்த வழி

ஐரோப்பிய ஒன்றியம் இதற்கென ஒரு சட்டம் இயற்றியிருக்கிறது. டிஜிட்டல் சேவைகள் சட்டம் என்பது அதன் பெயர். 2024 பிப்ரவரி 17 முதல் அது முழுமையாக நடைமுறையில் உள்ளது. ஒன்றியத்தில் மாதம் 4 கோடியே 50 லட்சம் பேருக்கு மேல் பயன்படுத்தும் தளங்கள், தகுதி பெற்ற ஆராய்ச்சியாளர்களுக்குத் தரவு தர வேண்டும் என்கிறது அதன் 40-ஆவது பிரிவு. பொதுவில் உள்ள தரவு மட்டுமன்றி உள் தரவையும் கேட்கலாம். அதற்கான விரிவான விதிகள் 2025 அக்டோபர் 29-இல் நடைமுறைக்கு வந்தன. நிபந்தனைகளும் உண்டு. ஆராய்ச்சியாளர் வியாபார நோக்கமற்றவராக இருக்க வேண்டும். பணம் எங்கிருந்து வந்தது என்று சொல்ல வேண்டும். தரவைப் பத்திரமாகக் காக்க வேண்டும். முடிவை யாவரும் இலவசமாகப் படிக்கும்படி வெளியிட வேண்டும். 2025 டிசம்பரில் எக்ஸ் நிறுவனத்துக்கு 12 கோடி யூரோ அபராதம் விதிக்கப்பட்டது. ஆராய்ச்சியாளர்களுக்குப் பொதுத் தரவைத் தராததும் அதற்குக் கூறப்பட்ட காரணங்களில் ஒன்று.

செய்து பாருங்கள்

"தரவைத் திறந்தால் தனி மனிதரின் இரகசியம் வெளியாகாதா?" நல்ல கேள்வி. இரகசியத்தைக் காத்துக்கொண்டே உண்மையை அறியும் வழியை ஸ்டான்லி வார்னர் என்பவர் 1965-இல் காட்டினார். அவருடைய முறையின் எளிய வடிவம் ஒன்றை உங்கள் வகுப்பிலேயே செய்யலாம்.

கேள்வி: "சென்ற வாரம் வீட்டுப்பாடத்தை நண்பனைப் பார்த்து எழுதினாயா?"

ஒவ்வொருவரும் யாருக்கும் காட்டாமல் ஒரு நாணயத்தைச் சுண்டுங்கள். தலை விழுந்தால் உண்மையைச் சொல்லுங்கள். பூ விழுந்தால் மறுபடி சுண்டி, தலை என்றால் "ஆம்", பூ என்றால் "இல்லை" என்று சொல்லுங்கள்.

வகுப்பில் 40 பேர், "ஆம்" என்றவர் 16 பேர் என்று கொள்வோம். ஏறத்தாழ 20 பேருக்கு முதலில் பூ விழுந்திருக்கும். அவர்களில் சுமார் 10 பேர் நாணயம் சொன்னதால் "ஆம்" என்றவர்கள். மீதி 6 பேர், உண்மை சொன்ன 20 பேரில் உள்ளவர்கள். ஆகவே பார்த்து எழுதியவர்கள் சுமார் 30 சதவீதம். வகுப்பைப் பற்றிய உண்மை தெரிந்துவிட்டது. ஆனால் "ஆம்" என்ற எந்த ஒரு மாணவனையும் ஆசிரியர் கண்டிக்க முடியாது. நாணயம்தான் அப்படிச் சொல்ல வைத்தது என்று அவன் கூறலாமே!

ஒரு வகுப்பில் செய்தால் பிழை அதிகம் இருக்கும். பள்ளி முழுவதிலும் செய்தால் குறையும். ஏன் என்பதை வர்க்கமூல விதி சொல்லும். 2020-இல் பேஸ்புக் வழங்கிய தொகுப்பிலும் இதே தத்துவப்படி எண்களில் சிறு கலப்பு செய்யப்பட்டிருந்தது. அந்தரங்கமும் ஆராய்ச்சியும் ஒன்றாக இருக்க முடியும்.

இன்னும் சில ஆண்டுகளில் உங்களுக்கும் வாக்குரிமை வரும். "சமூக ஊடகம்தான் தேர்தலை முடிவு செய்கிறது" என்று ஒருவர் சொல்வார். "அதனால் ஒரு பாதிப்பும் இல்லை" என்று இன்னொருவர் சொல்வார. இருவரிடமும் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: அளந்தவர் யார், சரிபார்த்தவர் யார்?

சிந்தித்து விடை காணுங்கள்

1. 2010 சோதனையில் இரண்டாம் பிரிவு இல்லாமலிருந்தால் எந்த உண்மை நமக்குத் தெரியாமல் போயிருக்கும்?

2. பிழை 0.1 சதவீதமாகக் குறைய எத்தனை பேரைக் கேட்க வேண்டும்?

3. வகுப்பில் 60 பேர். "ஆம்" என்றவர் 21 பேர். உண்மையில் பார்த்து எழுதியவர்கள் சுமார் எத்தனை சதவீதம்?

4. ஒரு நிறுவனம் தன்னைப் பற்றித் தானே செய்த ஆய்வை நம்ப, நீங்கள் என்னென்ன நிபந்தனைகள் விதிப்பீர்கள்?

(விடைகள்: 2. பத்து லட்சம் பேர். 3. 20 சதவீதம். முதல் கேள்வியையும் நான்காம் கேள்வியையும் நண்பர்களோடு விவாதியுங்கள்.)